பொழுதுக்குள் ஒரு வாய்

அன்புச்செல்வி கையிலிருந்து பேட்டனை வாங்கும்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் என் கால் சொன்ன பேச்சைக் கேட்காது என்று. முதல் நூறு மீட்டர் எப்படியோ போய்விட்டது. கோட்டை மைதானத்தின் அந்தப் பக்கத்து வளைவில் திரும்பும்போது தொடை இரண்டும் நனைந்த சாக்கு மூட்டை மாதிரி ஆகிவிட்டன. மூச்சு வாங்குவது வேறு, இது வேறு. மூச்சு வாங்கினால் ஓடி முடித்துவிட்டு, குனிந்து நின்று வாங்கிக்கொள்ளலாம். இது உள்ளே யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போன மாதிரி. கடைசி நூறு மீட்டரை நான் நடந்தேன். ஓடுகிறவள் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நடந்தேன், அதுதான் பெரிய அசிங்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பரிமளா மிஸ் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார்.

“எழுபத்தொம்போது. இன்னாடி சந்தனா, வாக்கிங் வந்தியா? சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன் இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஜூலையில் அதே நானூறு மீட்டரை அறுபத்தாறில் ஓடியவள் நான். மாவட்டப் போட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்து ரிலேவில் நான்தான் கடைசி ஆள். முன்னால் ஓடுகிற மூன்று பேரும் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் சந்தனா பார்த்துக்கொள்வாள் என்று ஒரு பேச்சே இருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்ல மிஸ். நாளைக்கு ஓடிடறேன்.”

“நாளைக்கு நாளைக்குன்னு ஒரு மாசமா சொல்லிகினு இருக்க. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழம மண்டலத்துக்கு செலெக்‌ஷன். எழுபதுக்குள்ள வரலன்னா பத்தாங்கிளாஸ் பொண்ணப் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது.”

மிஸ் சொன்னால் செய்கிற ஆள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணின் குதிரைவால் சடைதான் கண் முன்னால் ஆடியது.

அசதி என்று வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. எல்லோரும் ‘எனக்குந்தான் டயர்டு’ என்பார்கள். நான் சொல்வது காலையில் எழுந்திருக்கும்போதே இருக்கிற அசதி. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்து, பல் தேய்க்க பிரஷ்ஷைத் தூக்கினால் கை வலிக்கும். பள்ளிக்கூடத்து இரண்டாவது மாடிக்கு ஏறினால் காதுக்குள் நெஞ்சு அடிக்கும். பிரேயரில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன், சத்தியமாக. முன்னால் நிற்பவளின் பையைப் பிடித்துக்கொண்டால் விழ மாட்டோம், அந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. மூன்றாம் பீரியடில் பிசிக்ஸ் சார், “ஸ்போர்ட்ஸ் கோட்டா தூங்குது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க” என்பார். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணைத் திறக்க முடியாது.

இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. உலகத்தில் நடக்கிற அத்தனை கேட்டுக்கும் காரணம் செல்போன் என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் அந்தக் கடையில் ரீசார்ஜும் அவர்தான் செய்கிறார். எதிர்வீட்டுத் தறிக்கார முனியம்மாள், “புள்ள கப்பு வாங்கினு வந்தப்ப போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ் வெச்சீங்க இல்ல, அதான் கண்ணு. உப்பு மொளகா சுத்திப் போடு” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா, “வளர்ற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்” என்றாள். எனக்கும் ஒரு காரணம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேன். ஒரு கப்பு வாங்கியதும் தலைக்கனம் ஏறி, உடம்பு வளையாமல் போய்விட்டது. ராத்திரி படுக்கையில் இதை நினைத்து என்னை நானே திட்டிக்கொள்வேன். திட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

உண்மையான காரணத்தை நான் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பிப்ரவரிக்குப் போக வேண்டும்.

எங்களுடையது நயினார் வீடு. தமிழ் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் சாப்பிட மாட்டோம். யாரும் என்றால் அம்மா. அப்பா கடையை மூடிவிட்டு வரும் வழியில் பஜ்ஜி சாப்பிடுகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். எனக்கும் கட்டாயம் ஒன்றும் கிடையாது. லேட்டாக வந்தால் மூடி வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன், அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பிப்ரவரியில் மாதாஜி, எங்கள் சமயத்துப் பெண் துறவி ஒருவர், நடைப்பயணமாக வந்து எங்கள் ஜினாலயத்தில் நான்கு நாள் தங்கினார். வெள்ளைப் புடவை, கையில் மயிற்பீலி, அவ்வளவு மெதுவான பேச்சு. கடைசி நாள் எங்களை மாதிரி பெண்களை முன்னால் உட்கார வைத்து, இரவுச் சாப்பாட்டை விட யாரால் முடியும் என்று கேட்டார். ஒருத்தி ஒரு வாரம் என்றாள். என் பெரியப்பா பெண் ஸ்ருதி எழுந்து ஒரு மாதம் என்றாள், அதுவும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவ்வளவுதான். என் புத்தி அப்படி. போட்டி என்றால் என்ன போட்டி என்று கூடப் பார்க்காமல் கையைத் தூக்கிவிடுவேன். “ஒரு வருஷம்” என்றேன்.

கூடமே கை தட்டியது. மாதாஜி மட்டும் கை தட்டவில்லை. “யோசிச்சியாம்மா?” என்று கேட்டார். யோசித்தேன் என்று தலையாட்டினேன். அம்மா அழுதேவிட்டாள். அன்றைக்கே எங்கள் சனத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்தது, கீழே கும்பிடுகிற கை நூற்றுப் பதினான்கு. அம்மா எண்ணிச் சொன்னாள்.

அப்போது எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, விளையாட்டு கிடையாது. ஐந்து மணிக்கு வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் படித்தேன், இதுதானா விரதம் என்றிருந்தது. ஜூனில் பயிற்சி ஆரம்பித்தபோதும் தெரியவில்லை, ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருந்தது. தீபாவளி நெருங்க நெருங்கப் பொழுது உள்வாங்கிக்கொண்டே போனது. நான் மைதானத்திலிருந்து வீட்டுக்கு வர ஆறேகால், பொழுது சாய்வது ஐந்தே முக்கால். அதனால் அம்மா சாயங்காலச் சாப்பாட்டையும் டப்பாவில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள், பயிற்சிக்கு முன்னால் சாப்பிட்டுவிடு என்று. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு ஓடினேன். நீளம் தாண்டுகிற மணல் குழியில் போய் மொத்தத்தையும் வாந்தி எடுத்தேன். அடுத்த நாளிலிருந்து டப்பாவை அன்புச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கேட்டால் சாப்பிட்டாச்சு, மிஸ் கேட்டால் ஒண்ணுமில்ல. மதியம் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிடுவது, அப்புறம் மறுநாள் காலை ஏழு மணி. நடுவில் தண்ணீர் மட்டும். பசி ஒரு வாரத்தில் போய்விட்டது, ஆச்சரியமாக இருந்தது. சமையலறை மூட்டையைத் தாண்டிப் போகும்போது ஒரு பிடி பச்சரிசி அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கும். அதெல்லாம் பகலில்தான். அம்மாவும் அள்ளுவாள்.

அன்புச்செல்வி போளூர் ரோட்டில் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் ரிலேவில் மூன்றாவது ஆள். மனதில் இருப்பதை வாயில் வைத்திருப்பாள். எழுபத்தொன்பது வந்த மறுநாள் குழாயடியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உங்கம்மா ஒரு மாசத்துக்கு மேல எனக்கு சமைச்சிகினு கீறாங்க. எனக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சி. நீ பாரு, மூஞ்சே வெளுத்துப் போய் கீற. இது இன்னா கணக்கு?”

“யார்கிட்டயும் சொல்லாத அன்பு.”

“நான் சொல்லல. நீ சொல்லு. ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் தரேன்.”

நான் சொல்லவில்லை. சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், கையில் கழுவித் துடைத்த டப்பா. அம்மா கூடத்தில் பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். கடைகளிலிருந்து வாரத்துக்கு இருபது புடவை வரும். பட்டு ஜீவன் போன துணி என்று அம்மா உடுத்த மாட்டாள், கட்டுவது மட்டும் கட்டுவாள். அதைக் கேட்டால் “வயித்துக்கு வேற என்ன பண்றது” என்பாள். அன்புச்செல்வி உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

“அம்மா, இனிமே இந்த டப்பாவுல எனக்குப் போடாதீங்க.”

“உனக்கா? உனக்கு எங்கம்மா நான் போட்டேன்?”

அன்பு என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு அவளைக் கொன்று போடலாம் போலிருந்தது. அவள் போனபிறகு அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா கையிலிருந்த நூலை முடிச்சுப் போடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளா?”

“தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து.”

“டெய்லி டப்பாவக் கழுவும்போது நல்லா சாப்டிருக்கான்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு ஆகிவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்தில் காகிதம் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா அதை வாசித்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். நான் சோம்பேறி இல்லை! இதோ, அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை பிசிக்ஸ் சார் மேசையில் ஒட்ட வேண்டும் போலிருந்தது.

“இது ரெண்டு மாசத்துல வந்தது இல்ல. ஏற்கெனவே கம்மியா இருந்திருக்கு, நீ பட்டினி கெடந்து இன்னும் எறக்கிட்ட” என்றார் டாக்டர். “அரிசி, சாம்பல், சாக்பீஸ், எதாச்சும் திங்கத் தோணுதா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“பச்சரிசி” என்றேன்.

“அது ருசிக்கு இல்ல. ரத்தம் இல்லாததால வர்றது.” மாத்திரை எழுதினார். பீட்ரூட் என்று ஆரம்பித்தவரை அம்மா, “கெழங்கு நாங்க சேக்கறதில்லைங்க” என்று நிறுத்தினாள். டாக்டர் கோபிக்கவில்லை. சரி, கீரை, கொண்டைக்கடலை, பேரீச்சம்பழம், சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம். மூன்று வாரத்துக்கு வேகமாக ஓடக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை ஒரு நாள்கூட விடக் கூடாது. எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் சட்டென்று கையை நீட்டி அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்மா. கண்ணு சுண்ணாம்பு மாதிரி இருக்கே.”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க” என்றாள் அம்மா. அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

படியிறங்கும்போது நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்பின் பின்வாரைச் சரி செய்தாள். அந்தச் செருப்புக்குப் பின்வார் கிடையாது. அப்போது எனக்கு அதுவும் உறைக்கவில்லை, செலெக்‌ஷன்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸிடம் சொல்லிவிடாதே என்று பஸ்ஸில் அம்மாவைக் கெஞ்சினேன். ஒரே ஒரு ஓட்டம், சனிக்கிழமை அதை ஓடிவிட்டு மூன்று வாரமும் படுத்தே கிடக்கிறேன் என்றேன்.

“நான் சொல்லல. சொல்ல வேண்டியவ நீ” என்றாள் அம்மா.

மறுநாள் பயிற்சியில் ஓடுவது போல் பாவனை செய்துவிட்டு ஆறேகாலுக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், சமையலறையில் விளக்கு எரிகிறது. அம்மா அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் அந்த அடுப்பு எரிந்ததே இல்லை. முருங்கைக்கீரையைத் தாளித்த வாசனை தெரு வரைக்கும் போய், எதிர்வீட்டிலிருந்து முனியம்மாள், “இன்னா நயினாரம்மா, வெளக்கு வெச்சப்புறம் தாளிக்கிற?” என்று குரல் கொடுத்தாள். அம்மா தோசையை என் தட்டில் போட்டாள்.

“சாப்புடு.”

“விரதம்மா. ஊர் முன்னாடி சொன்னது. இன்னும் ரெண்டு மாசம்தான்.”

“அத நான் பாத்துக்கறேன். நீ சாப்புடு.”

சாப்பிட்டேன். அழுதுகொண்டே நாலு தோசை சாப்பிட்டேன். ஊரையும் பகவானையும் ஏமாற்றுகிறோமே என்று அழுகை, தோசை அவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று இன்னும் அழுகை. அம்மா எதிரில் உட்கார்ந்து, நான் மாத்திரையை முழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பாத்துக்கறேன்’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அம்மாக்கள் பாத்துக்கறேன் என்றால் நாம் கேட்பதில்லை.

அது வியாழக்கிழமைதான் தெரிந்தது. அன்றைக்குப் பயிற்சி முடிந்து வந்தபோது கூடத்தில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் புடவை, கையில் குஞ்சத்து நூல், வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். கண்ணை மூட வேண்டும் என்று மூடுகிற தூக்கம் இல்லை அது. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்தார்.

“எழுப்பாத. காலையில பத்து மணிக்கு சாப்டது” என்றார் மெதுவாக.

“ஏன், மதியம்?”

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு ரகசியம் தங்காது, அவர் பஜ்ஜி ரகசியமே தங்கவில்லையே. “உன் மிச்ச நாள உங்கம்மா எடுத்துக்கினா. ராத்திரிதான் அவளே சாப்பிட மாட்டாளே, விடறதுக்கு ஒண்ணுமில்ல. அதனால ஒரு வேளதான் சாப்பாடுன்னு வெச்சிக்கினா. அறுவத்திரெண்டு நாளு.”

நான் போட்ட சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டாள். “யாரு சொன்னது அப்படி மாத்திக்கலாம்னு? கோயில் வாத்தியாரக் கேட்டியா? மாதாஜியக் கேட்டியா?”

“கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்க.”

இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? “உனக்கே ரத்தம் இல்ல. டாக்டர் சொன்னாங்க இல்ல? உன்னால முடியலம்மா. தெரியுது.”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள்.

அது என் வாக்கியம். என் குரல்கூட அதே மாதிரிதான் இருக்கும், மிஸ்ஸிடம் சொல்லும்போது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் எத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? நான் பிறந்ததிலிருந்தா, அதற்கு முன்னாலிருந்தா? என் அசதிக்காவது ஸ்டாப்வாட்ச் இருந்தது, மிஸ் இருந்தார், கிண்டல் செய்யவாவது ஆள் இருந்தது. இவளுக்கு எந்த வாட்ச் இருக்கிறது?

“அப்ப நான் சாப்பிட மாட்டேன். நீ ஒரு வேள, நான் ரெண்டு வேள. யாரு மொதல்ல விழறாங்கன்னு பாப்போம்.”

“சந்தனா, அடம் புடிக்காத.”

“நான் எடுத்தத நானே முடிக்கிறேன். பொழுதுக்குள்ள வீட்டுக்கு வந்து சாப்புடறேன், டெய்லி. நான் வந்தா நீயும் என்னோட உக்காந்து சாப்புடணும். மதியமும் சாப்புடணும். உன் ஒரு வேளை கேன்சல். சரியா?”

அம்மா யோசித்தாள். “பொழுதுக்குள்ள உன்னால வர முடியுமா? உன் பிராக்டிஸ்?”

“வரேன்.”

“நீ வரலன்னா அன்னிக்கு நானும் சாப்புட மாட்டேன்.”

பேரம் படிந்தது. அப்பா, “அப்பாடா” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று மிஸ்ஸிடம் பொய் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை அப்படிக் கிளம்ப முடியாது, அன்றுதான் செலெக்‌ஷன். மூன்று மணிக்கு ஆரம்பம், ரிலே எப்படியும் நாலரைக்குள் முடிந்துவிடும், ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று என் திட்டம். டாக்டர் சொன்னதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். காலையில் அப்பா போனைப் பார்த்துச் சொன்னார், இன்றைக்குப் பொழுது சாய்வது ஐந்து நாற்பத்தாறு.

வெள்ளி ராத்திரி பெய்த மழை கெடுத்தது. மைதானத்தில் அங்கங்கே தண்ணீர் நின்று, மண் கொட்டி, கோடுகளை மறுபடி சுண்ணாம்பில் போட்டு, முதல் ஓட்டமே நாலு மணிக்குத்தான். போளூரிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நூறு முடிந்தது, இருநூறு முடிந்தது, எண்ணூறு முடிய ஐந்து பத்து. அடுத்து பையன்கள் ரிலே, அதற்கு அப்புறம்தான் நாங்கள். அன்புச்செல்வியோடு நான் ஐந்து நாளாகப் பேசவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

“மணி இன்னா?” என்று கேட்டேன்.

“அஞ்சே கால். ஏன்?”

சொன்னேன். அம்மா ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கியதிலிருந்து எல்லாவற்றையும். இன்றைக்கு நான் பொழுதுக்குள் போகாவிட்டால் அவள் மதியம் சாப்பிட்டதோடு சரி என்பதையும். அன்பு லேஸை இறுக்கி முடிந்தாள்.

“நீ ஓடினா எவ்ளோ வரும்?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. “எண்பது” என்றேன். “நடுவுல விழாம இருந்தா.”

அதைச் சொன்னதும் உள்ளே ஏதோ இறங்கியது. இரண்டு மாதமாக ஓட்டத்தைவிட இதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் நான் அதிகமாக மூச்சைச் செலவழித்திருக்கிறேன். எழுந்து மிஸ்ஸிடம் போனேன். மிஸ் அட்டையில் பேர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், நான் ஓடல. எனக்கு ரத்தம் எட்டுதான் இருக்கு. ரெண்டு மாசமா முடியல மிஸ். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

மிஸ் முதலில் கத்தினார். இதைச் சொல்ல உனக்கு இந்த நேரந்தான் கிடைச்சுதா என்றார், நான் என்ன பேயா பிசாசா என்றார். அப்புறம் முகம் மாறிவிட்டது. “வாக்கிங் வந்தியான்னு உன்னக் கிண்டல் பண்ணிகினு இருந்தேனேடி” என்றார். சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி மிஸ் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். பத்தாம் வகுப்புப் பெண் கொஞ்ச தூரத்தில் எம்பி எம்பிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

“உன் எடம் அப்படியே இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், சந்தனா.”

“தெரியும் மிஸ்.”

“போ. ஓடாத. நடந்து போ.”

மைதானத்துக் கேட்டைத் தாண்டும்போது மணி ஐந்து இருபத்தைந்து இருக்கும். வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். பின்னால் விசில் சத்தமும் கூச்சலும் கேட்டன, திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் இன்னும் மூச்சு வாங்கும். மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, பட்டுக் கடைகளின் முன்னால் கல்யாணக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். மேற்கே பார்த்தால் வெயில் கட்டடங்களின் மேல் மாடியில்தான் இருந்தது. நடையாகப் போனால் ஆகாது என்று தெரிந்தது, ஓடினேன். நூறு எண்ணுகிற வரைக்கும் ஓடுவது, ஐம்பது எண்ணுகிற வரைக்கும் நடப்பது. நடக்கும்போது கையை ஆட்டி ஏமாற்றவில்லை. நடப்பவள் மாதிரியே நடந்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

எங்கள் தெருமுனைக்கு வந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு நீளம், எங்கள் வீடு கடைசியில். இரண்டு பக்கமும் தறிச் சத்தம், நடுவில் சாய்ந்த வெயில் மஞ்சளாகத் தரையோடு படுத்திருந்தது. இன்னும் இருநூறு மீட்டர். இருநூறு மீட்டரை இருபத்தொன்பது நொடியில் ஓடியவள் நான், இப்போது கம்பத்தை விட முடியவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். வானத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்துவிட்டாள். உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி வெளியே வந்தபோது கையில் தட்டு இருந்தது.

அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாள், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பாள். இப்போது ஒரு கையில் தட்டு, ஒரு கையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல் தெரு நடுவில் ஓடி வந்தாள். முனியம்மாள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, “அய்யய்யோ, இன்னா ஆச்சி?” என்றாள். நான் கம்பத்தை விட்டுவிட்டு அம்மாவை நோக்கி நடந்தேன், முடிந்த அளவுக்குக் காலை எட்டிப் போட்டேன். பாதித் தெருவில், ஒரு பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போக, நாங்கள் எதிரெதிரே நின்றோம். இரண்டு பேருக்கும் பேச மூச்சு இல்லை. அம்மாவின் உதடு வெளுத்திருந்தது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. தட்டு சாய்ந்து கீரைச் சாதம் ஓரமாகச் சரிந்தது. நான் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஒரு உருண்டை எடுத்து என் வாய்க்குக் கொண்டுவந்தாள். நானும் ஒரு உருண்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினேன். அவள் மேற்கே திரும்பிப் பார்த்தாள். முனியம்மாள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நகத்தளவு வெயில் இன்னும் இருந்தது. அம்மா வாயைத் திறந்தாள்.